கண்ணுக்குத் தெரியுது, ஆனா போக முடியாது: கர்தார்பூர் குருத்வாரா வழி ஏன் மூடிக் கிடக்கிறது?

பஞ்சாப் மாநிலம் குர்தாஸ்பூர் மாவட்டத்தில், ராவி ஆற்றங்கரையில் இருக்கிறது தேரா பாபா நானக் என்ற சின்ன ஊர். பாகிஸ்தான் எல்லை வேலி ஊருக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. மூடுபனி இல்லாத நாளில் அங்கே நின்று பார்த்தால், வயல்களுக்கு அப்பால் ஒரு வெள்ளைக் குவிமாடம் தெரியும். எல்லைக் கோட்டில் இருந்து சுமார் நாலரை கிலோமீட்டர் தூரம்தான். நடந்தாலே ஒரு மணி நேரம்.

அதுதான் கர்தார்பூர் சாஹிப். சீக்கிய மதத்தை நிறுவிய குரு நானக் தன் கடைசி 18 ஆண்டுகளை வாழ்ந்து, உயிர் துறந்த இடம். 2019 நவம்பர் 9-ம் தேதி அங்கே போக விசா இல்லாத ஒரு வழி திறந்தது. 2025 மே 7-ம் தேதி அந்த வழி மூடியது. திறந்து 6 ஆண்டு நிறைந்த 2025 நவம்பர் 9-ம் தேதியன்றும் இந்தியப் பக்கத்து கேட் பூட்டியே இருந்தது.

இதுல கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. இரண்டு நாடுகளும் போட்ட கர்தார்பூர் ஒப்பந்தம் இன்னும் ரத்தாகவில்லை. 2024 அக்டோபரில்தான் அதை மேலும் 5 ஆண்டுக்கு நீட்டித்தார்கள். அதாவது 2029 வரை காகிதத்தில் வழி திறந்திருக்கிறது, தரையில் மூடியிருக்கிறது.

சீக்கியர்களுக்கு இந்த ஒரு குருத்வாரா ஏன் இவ்வளவு முக்கியம்? அதைப் புரிந்துகொள்ள, இந்த இடத்தைச் சுற்றிச் சொல்லப்படும் ஒரு பழைய கதையில் இருந்துதான் ஆரம்பிக்கணும்.

போர்வைக்குக் கீழே உடல் இல்லை

குரு நானக் பிறந்தது 1469-ல், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் நன்கானா சாஹிப்பில். பல ஆண்டுகள் ஊர் ஊராகப் பயணம் செய்தவர் அவர். தெற்கே ராமேஸ்வரம் வரை வந்தார் என்பது சீக்கிய மரபு. அதன் நினைவாக அங்கே இன்றும் ஒரு குருத்வாரா இருக்கிறது. பயணங்களை முடித்துவிட்டு ராவி கரையில் அவர் உருவாக்கிக் குடியேறிய ஊர்தான் கர்தார்பூர். ‘படைத்தவனின் ஊர்’ என்று பொருள்.

இங்கே அவர் துறவியாக உட்கார்ந்துவிடவில்லை. குடும்பத்தோடு இருந்தார், வயலில் இறங்கி விவசாயம் பார்த்தார். உழைத்துச் சாப்பிடு, இறைவன் பெயரைச் சொல், இருப்பதைப் பகிர்ந்துகொள் என்று அவர் சொன்னதை ஊர்க்காரர்களே செய்து பார்த்த இடம் இது. சாதி, மதம் பார்க்காமல் எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் லங்கர் என்ற பொதுப்பந்தி வேர் பிடித்ததும் இங்கேதான். அடுத்த குரு யார் என்ற கேள்வி வந்தபோது தன் இரண்டு மகன்களையும் விட்டுவிட்டு, லெஹ்னா என்ற சீடரைத் தேர்ந்தெடுத்து அவருக்கு அங்கத் என்று பெயர் வைத்ததும் இங்கேதான்.

1539 செப்டம்பரில் நானக்கின் கடைசி நாட்கள். குரு நானக்கின் வாழ்க்கையைச் சொல்லும் ஜனம்சாக்கி என்ற பழைய கதைத் தொகுப்புகள் அந்த நேரத்தில் நடந்ததாக ஒன்றைச் சொல்கின்றன.

அவரைச் சுற்றி இந்துக்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். உடலை எரிக்கணும் என்றது ஒரு தரப்பு. புதைக்கணும் என்றது இன்னொரு தரப்பு. வாக்குவாதம் முற்றுவதைப் பார்த்த நானக், தானே ஒரு வழி சொன்னாராம். ‘இந்துக்கள் என் வலப்பக்கம் பூ வைக்கட்டும், முஸ்லிம்கள் இடப்பக்கம் வைக்கட்டும். நாளைக் காலையில் யாருடைய பூ வாடாமல் இருக்கிறதோ, அவர்கள் விருப்பப்படி செய்யட்டும்’ என்று சொல்லிவிட்டுப் போர்வையை மூடிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் போர்வையை எடுத்தால் இரண்டு பக்கப் பூவும் வாடவில்லை. ஆனால் உடல் அங்கே இல்லை!

பிறகு போர்வையை இரண்டாகக் கிழித்தார்கள். ஒரு பாதியை இந்துக்கள் எரித்து சமாதி எழுப்பினார்கள். இன்னொரு பாதியை முஸ்லிம்கள் புதைத்துக் கல்லறை கட்டினார்கள். இன்றும் கர்தார்பூர் போனால் இரண்டையும் பார்க்கலாம். குருத்வாரா கட்டடத்துக்குள் சமாதி, வெளியே முற்றத்தில் மஸார். உள்ளே சீக்கியர்கள் தலை வணங்குவார்கள். வெளியே உள்ளூர் முஸ்லிம்கள் கைகளை ஏந்தி துவா செய்வார்கள். அவர்களுக்கு நானக் ஒரு பீர், அதாவது சூஃபி ஞானி.

இதே கதை கபீருக்கும் உண்டு

‘இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். கிட்டத்தட்ட இதே கதை கவிஞர் கபீரைப் பற்றியும் சொல்லப்படுகிறது. உத்தரப் பிரதேசத்தில் மகஹர் என்ற ஊரில் அவர் இறந்தபோதும் இதே சண்டை, இதே போர்வை, இதே பூக்கள். அங்கேயும் கபீருக்கு ஒரு சமாதியும் ஒரு மஸாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

ஆக, இதை ஒரு நாள் நிகழ்ச்சியின் பதிவாக மட்டும் எடுத்துக்கொள்வதில் பெரிய பயன் இல்லை. அந்தக் காலத்து வட இந்திய மக்கள், இரண்டு மதத்தாரும் ‘எங்கள் ஆள்’ என்று சொந்தம் கொண்டாடிய பெரியவர்களை எப்படி நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு இந்தக் கதை சாட்சி. கதைக்குள்ளே யாரும் ஜெயிக்கவில்லை என்பதையும் பாருங்கள். சண்டை போட்ட பொருளே காணாமல் போனதால், இரண்டு தரப்பும் பாதிப் பாதியோடு திருப்தி அடைந்து, ஒரே இடத்துக்கு வந்து போகப் பழகிக்கொண்டார்கள்.

ராவி ஆறு அதற்கும் ஒரு சோதனை வைத்தது. பழைய கர்தார்பூரையும் அந்த நினைவிடங்களையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாகவும், அஸ்தியைக் காப்பாற்றி ஆற்றின் இக்கரைக்குக் கொண்டுவந்த நானக் குடும்பத்தார் ஏற்படுத்திய ஊர்தான் தேரா பாபா நானக் என்றும் மரபு சொல்கிறது. இரண்டு ஊரும் ஒரே குடும்பத்து ஊர்கள். நடுவில் ஒரு ஆறு மட்டும்தான் இருந்தது. இப்போது நிற்கும் வெள்ளைக் கட்டடம் 1920-களில் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் கொடுத்த நிதியில் கட்டப்பட்டது. 2019-ல் இந்த வழி திறந்தபோது பஞ்சாப் முதல்வராக இருந்த அமரீந்தர் சிங் அவருடைய பேரன்தான்.

1947: கோடு எங்கே விழுந்தது?

பிரிவினை நேரத்தில் குர்தாஸ்பூர் மாவட்டம் பெரிய தலைவலியாக இருந்தது. மாவட்ட மக்கள்தொகையில் முஸ்லிம்கள் பாதிக்குக் கொஞ்சம்தான் அதிகம். முதலில் போட்ட தற்காலிகப் பட்டியலில் மாவட்டம் முழுக்கப் பாகிஸ்தானுக்கு என்று இருந்தது. ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்றே அங்கிருந்தவர்களுக்கு உறுதியாகத் தெரியாது. ஆகஸ்ட் 17-ம் தேதி ராட்கிளிஃப் தீர்ப்பு வெளியானபோது மாவட்டத்தின் நான்கு தாலுகாக்களில் மூன்று, அதாவது குர்தாஸ்பூர், படாலா, பதான்கோட் ஆகியவை இந்தியாவுக்கு வந்தன. ஷகர்கர் தாலுகா மட்டும் பாகிஸ்தானுக்குப் போனது.

கர்தார்பூர் அந்த ஷகர்கர் பக்கம். தேரா பாபா நானக் இந்தப் பக்கம். குருத்வாரா இப்போது பாகிஸ்தானின் நரோவல் மாவட்டத்தில் இருக்கிறது.

கதையில் கிழிந்தது போர்வை. இங்கே கிழிந்தது ஊர். அந்தப் பக்கம் வாழ்ந்த சீக்கியர்கள் இந்தியாவுக்கு வந்துவிட, குருத்வாரா பல பத்தாண்டுகள் ஆள் இல்லாமல் கிடந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் பாகிஸ்தான் அதைப் பழுதுபார்த்துத் திறந்தது.

சீக்கியர்கள் தினமும் வழிபாட்டின் முடிவில் அர்தாஸ் என்ற பிரார்த்தனை சொல்வார்கள். பிரிவினைக்குப் பிறகு அதில் ஒரு வேண்டுதல் சேர்ந்தது. நன்கானா சாஹிப் போன்ற, தங்களை விட்டுப் பிரிந்துபோன குருத்வாராக்களைத் தடையில்லாமல் தரிசிக்கும் பாக்கியத்தைக் கொடு என்பதுதான் அது. உலகத்தில் எந்த மூலையில் சீக்கியர் இருந்தாலும் இந்த வேண்டுதல் இன்றைக்கும் சொல்லப்படுகிறது. எல்லைப் பிரச்சினை ஒன்று தினசரிப் பிரார்த்தனைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குல்தீப் சிங் வடாலா என்ற அகாலி அரசியல்வாதி 2001-ல் ஒரு வேலையைத் தொடங்கினார். மாதா மாதம் அமாவாசை அன்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு தேரா பாபா நானக் எல்லைக்குப் போய், குருத்வாராவைப் பார்த்து நின்று, வழி திறக்கணும் என்று அர்தாஸ் செய்வார். எல்லைப் பாதுகாப்புப் படை அங்கே ஒரு மேடை கட்டி பைனாகுலரும் வைத்துக் கொடுத்தது. புனிதத் தலத்தைப் பைனாகுலர் வழியாகத் தரிசித்துவிட்டு வீடு திரும்புவது ஒரு பழக்கமாகவே ஆகிப்போனது. வடாலா 2018-ல் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் வழி அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

சரி, வழி எப்படித் திறந்தது?

யோசனை புதிது இல்லை. 1999-ல் வாஜ்பாய் லாகூருக்குப் பஸ்ஸில் போன காலத்திலேயே பேச்சு வந்தது. பிறகு கார்கில், அதன் பிறகு நாடாளுமன்றத் தாக்குதல், மும்பை தாக்குதல் என்று ஒவ்வொரு முறையும் கோப்பு அடியில் போய்விட்டது.

2018 ஆகஸ்டில் இம்ரான் கான் பிரதமராகப் பதவியேற்ற விழாவுக்குப் போன நவ்ஜோத் சிங் சித்து, பாகிஸ்தான் ராணுவத் தளபதி பாஜ்வாவைக் கட்டிப்பிடித்தது நினைவிருக்கும். இந்தியாவில் பெரிய சர்ச்சை ஆனது. குரு நானக்கின் 550-வது பிறந்த ஆண்டுக்குக் கர்தார்பூர் வழியைத் திறப்பதாகத் தளபதி தன்னிடம் சொன்னார், அதனால்தான் கட்டிப்பிடித்தேன் என்றார் சித்து. அந்த நவம்பரிலேயே இரண்டு பக்கமும் இரண்டு நாள் இடைவெளியில் அடிக்கல் நாட்டினார்கள்.

நடுவில் 2019 பிப்ரவரியில் புல்வாமா, பாலகோட். ஆகஸ்டில் காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கம். தூதரக உறவே சுருங்கிப்போன நிலை. ஆனாலும் கர்தார்பூர் வேலை நிற்கவில்லை. அக்டோபர் 24-ல் ஒப்பந்தம், நவம்பர் 9-ல் திறப்பு. முதல் குழுவில் போனவர்களில் முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங்கும் ஒருவர். அவர் பிறந்த காஹ் கிராமமும் இன்றைய பாகிஸ்தானில்தான் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், ரொம்ப விசித்திரமான ஏற்பாடு. விசா வேண்டாம், ஆனால் பாஸ்போர்ட் வேண்டும். ஆன்லைனில் முன்கூட்டியே பதிவு செய்யணும். ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை போகலாம். காலையில் போனால் அன்று மாலைக்குள் திரும்பிவிட வேண்டும், இரவு தங்க முடியாது. குருத்வாரா வளாகத்தைத் தாண்டி வேறு எங்கும் போக முடியாது. சீக்கியர் மட்டும் இல்லை, எந்த மதத்தைச் சேர்ந்த இந்தியரும் போகலாம். கையில் அதிகபட்சம் 11,000 ரூபாய், 7 கிலோ வரை பை. பாகிஸ்தானுக்குத் தலைக்கு 20 டாலர் சேவைக் கட்டணம்.

அந்த 20 டாலர்தான் கடைசி வரை தகராறு. பக்தர்களிடம் பணம் வாங்காதீர்கள் என்று இந்தியா திரும்பத் திரும்பக் கேட்டது, பாகிஸ்தான் விட்டுக்கொடுக்கவில்லை. தினமும் 5,000 பேர் வந்தால் ஆண்டுக்கு 3.65 கோடி டாலர் என்று கணக்கு. ஆனால் நிஜத்தில் வந்தவர்கள் பெரும்பாலான நாட்களில் சில நூறு பேர்தான். ஏன்னா, பஞ்சாப் கிராமத்து வயதான ஒரு விவசாயத் தம்பதிக்கு முதலில் பாஸ்போர்ட் எடுக்கணும், அப்புறம் ஆன்லைனில் பதியணும், அதற்கு மேல் ஆளுக்கு ஏறக்குறைய 1,700 ரூபாய் கட்டணம். யாருக்காகத் திறந்ததோ அவர்களில் பலருக்கே அது எட்டாமல் போனது. வழி மூடியதற்கு அரசியலைக் குறை சொல்பவர்கள், வழி திறந்திருந்தபோது இருந்த இந்தக் குறையையும் சேர்த்துப் பேசணும்.

போனவர்களுக்கு என்ன கிடைத்தது?

தரிசனம் கிடைத்தது, லங்கரில் சாப்பாடு கிடைத்தது. கூடவே யாரும் பெரிதாகத் திட்டமிடாத ஒன்றும் நடந்தது. குருத்வாரா வளாகத்துக்குப் பாகிஸ்தான் மக்களும் வரலாம். ஆக, இரண்டு நாட்டுச் சாதாரண மக்களும் விசா இல்லாமல் ஒரே முற்றத்தில் நின்று பேசிக்கொள்ளக் கிடைத்த இடம் இது. 1947-ல் பிரிந்த குடும்பங்கள் இதைப் பிடித்துக்கொண்டன.

2022 ஜனவரியில் வெளியான ஒரு வீடியோவைப் பலரும் பார்த்திருப்பார்கள். பிரிவினையின்போது குழந்தைகளாகப் பிரிந்த இரண்டு சகோதரர்கள், ஒருவர் இந்தியப் பஞ்சாபில் வளர்ந்தவர், இன்னொருவர் ஃபைசலாபாத் பக்கம் வளர்ந்தவர், 74 ஆண்டுகளுக்குப் பிறகு கர்தார்பூரில் கட்டிப்பிடித்து அழுதார்கள். மாலையானதும் விதிப்படி இருவரும் ஆளுக்கொரு பக்கம் கிளம்பித்தான் ஆக வேண்டும். இதேபோல இன்னும் சில குடும்பங்கள் அங்கே சந்தித்தன. பிரிவினையை நேரில் பார்த்தவர்களுக்கு இன்று 80 வயதுக்கு மேல். வழி மூடியிருக்கும் ஒவ்வொரு மாதமும் அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கொரோனாவுக்காக 2020 மார்ச் 16-ல் வழி ஒருமுறை மூடியது. திரும்பத் திறக்க 2021 நவம்பர் 17 ஆனது. இந்தத் தடவை காரணம் வேறு.

மே 7: என்ன நடந்தது?

2025 ஏப்ரல் 22-ல் பஹல்காம் தாக்குதல். சில நாட்களுக்குள் அட்டாரி சோதனைச் சாவடி மூடப்பட்டது, சிந்து நதி ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டது, பாகிஸ்தானியர்களின் விசாக்கள் ரத்தாகின. இவ்வளவுக்கும் நடுவில் கர்தார்பூர் வழி திறந்தே இருந்தது. பக்தர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து மே 7 அதிகாலையில் ‘ஆபரேஷன் சிந்தூர்’ நடந்தது. அன்றே வழி மூடியது.

மே 10-ல் சண்டை நின்றது. வழி திறக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ராவியில் பெருவெள்ளம். கர்தார்பூர் வளாகத்துக்குள் தண்ணீர் புகுந்து குளமானது. படகு வைத்து ஆட்களை மீட்டார்கள். இந்தப் பக்கம் தேரா பாபா நானக்கும் மூழ்கியது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஆறு, ஒரே சேறு. இந்த வெள்ள பயம் 2019 பேச்சுவார்த்தையிலேயே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. பாகிஸ்தான் தன் பக்கம் மண் மேடு போட்டுச் சாலை அமைத்தால் தண்ணீர் தேங்கி இந்திய கிராமங்கள் மூழ்கும், அதனால் பாலம்தான் கட்ட வேண்டும் என்று இந்திய அதிகாரிகள் பிடிவாதமாகச் சொன்னார்கள்.

பாதுகாப்பு வாதம் எவ்வளவு சரி?

மத்திய அரசு சொல்லும் காரணம் பாதுகாப்பு. அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. 2019-ல் திறப்பை ஒட்டிப் பாகிஸ்தான் வெளியிட்ட ஒரு வீடியோவிலேயே காலிஸ்தான் தலைவர் பிந்த்ரன்வாலேவின் படம் தெரிந்தது. இந்த வழியே ராணுவத் தளபதி பாஜ்வாவின் யோசனைதான், இந்தியாவுக்கு இது என்றைக்கும் வலிக்கும் என்கிற மாதிரி அப்போதைய பாகிஸ்தான் அமைச்சர் ஷேக் ரஷீத் வெளிப்படையாகப் பேசினார். இதையெல்லாம் அன்று முதலில் எச்சரித்தவர், வழிக்கு ஆதரவாக இருந்த அமரீந்தர் சிங்தான். 2020-ல் குருத்வாரா நிர்வாகத்தைச் சீக்கியர் கமிட்டியிடம் இருந்து பாகிஸ்தான் அரசின் அமைப்பு ஒன்று எடுத்துக்கொண்டபோதும் இந்தியா எதிர்ப்பு தெரிவித்தது.

ஆனால் 2025 நவம்பரில் நடந்தது இந்த வாதத்தைக் கொஞ்சம் சிக்கலாக்கிவிட்டது. குரு நானக் பிறந்தநாளுக்காகச் சுமார் 2,100 பேர் கொண்ட ஜத்தாவை, அதாவது யாத்திரைக் குழுவை, அட்டாரி - வாகா வழியாகப் பாகிஸ்தான் போக அரசு அனுமதித்தது. முதலில் யாரும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, பிறகு மாற்றிக்கொண்ட முடிவு இது. அதற்கு முன்பே செப்டம்பரில் துபாயில் இந்தியா - பாகிஸ்தான் ஆசியக் கோப்பை மேட்ச் நடந்தது. கிரிக்கெட் ஆடலாம், குருத்வாராவுக்கு மட்டும் போகக் கூடாதா என்று பஞ்சாப் முதல்வர் பகவந்த் மான் கேட்டார். சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியும் வழியைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அரசுத் தரப்பில் இருந்து யோசித்தால் ஜத்தாவுக்கும் இந்த வழிக்கும் வித்தியாசம் உண்டு. ஜத்தா ஆண்டுக்குச் சில முறைதான். பெயர்ப் பட்டியல் முன்பே வரும், ஒவ்வொருவராகச் சோதிக்கலாம். இந்த வழி ஆண்டு முழுவதும் தினமும் திறந்திருக்க வேண்டியது.

எதிர்த் தரப்பில் இருந்து யோசித்தால் ஜத்தா பல நாள் பாகிஸ்தானுக்குள் தங்குகிறது, லாகூர், நன்கானா சாஹிப் என்று நகரம் நகரமாகப் போகிறது. கர்தார்பூருக்குப் போகிறவர் வேலி போட்ட பாதையில் போய், ஒரே வளாகத்துக்குள் இருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். பட்டியல் சோதனை இங்கேயும் உண்டு. ஆன்லைன் பதிவு எதற்கு இருக்கிறது? ஆபத்தை மட்டும் அளந்து பார்த்தால் இரண்டில் எது அதிகம் என்று கேட்டால், பதில் அவ்வளவு சுலபமாக அரசுக்குச் சாதகமாக வரவில்லை. மூடியிருப்பதற்குப் பின்னால், பாகிஸ்தானோடு எந்த வழக்கமான உறவும் இல்லை என்று காட்ட வேண்டிய அரசியல் தேவையும் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. பஹல்காமில் உறவுகளை இழந்த குடும்பங்கள் இருக்கும் நாட்டில் அந்தத் தேவையையும் லேசாகப் பேச முடியாது.

இதில் யாரும் கணக்கில் எடுக்காத ஒரு தரப்பு உண்டு. தேரா பாபா நானக்கில் நாலு வழிச் சாலைக்கும் பயணிகள் முனையத்துக்கும் நிலம் கொடுத்தவர்கள், பக்தர் கூட்டத்தை நம்பிக் கடையும் தங்கும் விடுதியும் வைத்தவர்கள். எல்லை ஊரில் தொழிற்சாலை வராது, வேலிக்கு அப்பால் இருக்கும் சொந்த வயலுக்குப் போகவே நேரக் கட்டுப்பாடு. அவர்களுக்கு 2019-ல் வந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

இப்போது போக என்ன வழி?

ஆண்டுக்குச் சில முறை போகும் ஜத்தாவின் பயணத்தில் வழக்கமாகக் கர்தார்பூரும் உண்டு. அதற்கு விசா வேண்டும், பட்டியலில் இடம் வேண்டும். தேரா பாபா நானக்கில் இருக்கும் ஒருவர் அப்படிப் போக வேண்டுமென்றால் அமிர்தசரஸ் வந்து, அட்டாரி போய், வாகாவைத் தாண்டி, லாகூர் போய், அங்கிருந்து வடகிழக்கே திரும்பி நரோவல் வர வேண்டும். 200 கிலோமீட்டருக்கு மேல் சுற்று. அத்தனையும் சுற்றிக் கர்தார்பூரில் இறங்கினால், புறப்பட்ட ஊர் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான்.

வழி மறுபடி திறக்கப்போகிறதா என்பதை முதலில் காட்டப்போவது உள்துறை அமைச்சகத்தின் பதிவு இணையதளம்தான். 2021-ல் திறந்தபோதும் நவம்பர் 16-ல் அறிவிப்பு, மறுநாளே முதல் குழு கிளம்பிவிட்டது. முனையம் கட்டி முடிந்து தயாராக நிற்கிறது, சாலை இருக்கிறது, ஒப்பந்தத்துக்கு 2029 வரை ஆயுள் இருக்கிறது. உத்தரவு வந்தால் ஒரே நாளில் திறந்துவிடலாம்.

அதுவரை வடாலா நின்ற அதே எல்லையில் வந்து நின்று, குவிமாடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள் பக்தர்கள். பைனாகுலர் வைத்திருந்த பழைய மேடை மட்டும் அங்கே இல்லை. வழி திறக்கப்போகிறதே, இனி இது எதற்கு என்று 2019-லேயே அதை இடித்துவிட்டார்கள்.